நோர்லிஸ் கப்பலில் நெருப்பு மூட்டியவர்

அத்தியாயம் 4

கோசலை வந்து கதவைத் தட்டியபோது சிவரஞ்சினி காலைத் தேநீரில் பாதியைக்கூடக் குடித்திருக்கவில்லை.

பாரிசின் ரூ பஜோல் தெருவில், பிள்ளையார் கோயிலுக்கு நான்கு கட்டிடம் தள்ளி, ஒரு புடைவைக் கடைக்கு மேலே இருந்தது அவளுடைய அலுவலகம். ஒரு மேசை, மூன்று நாற்காலி, சரியாக மூடாத ஒரு ஜன்னல். கதவில் 'ஆள் தேடல், ஆவண மொழிபெயர்ப்பு' என்று தமிழிலும் பிரெஞ்சிலும் எழுதி ஒட்டியிருந்தது. பதினாறு வருடம் அகதி வழக்குகளில் மொழிபெயர்ப்பாளராக இருந்தவள் சிவரஞ்சினி. ஊரார் துயரத்தையெல்லாம் தன் வாயால் பிரெஞ்சில் திருப்பிச் சொல்லிச் சொல்லிக் களைத்துப்போய், அதை விட்டுவிட்டு, தொலைந்தவர்களைத் தேடிக் கொடுக்கும் இந்த வேலைக்கு வந்து ஆறு வருடமாகிறது.

உதவிக்கு கோகிலன் இருந்தார். ஐம்பத்தைந்து வயது. முன்பு மரக்கறி வான் ஓட்டியவர். பாரிசின் சந்துபொந்தெல்லாம் அவருக்குத் தெரியும். வாயை மூடத்தான் தெரியாது.

கோசலைக்கு அவரைவிட ஒன்றிரண்டு வயது கூட இருக்கலாம். லா சப்பல் ஸ்டேசனுக்குப் பக்கத்தில் ஒரு சாப்பாட்டுக் கடையில் சமையல் செய்கிறாள். வீடு கார்ஜ் லே கொனெஸில். கணவர் பாலச்சந்திரன், இரண்டு பிள்ளைகள். இதையெல்லாம் கேட்காமலே சொல்லி முடித்துவிட்டு, வந்த விஷயத்துக்கு வந்தாள்.

கடையில் ஒருவர் தினமும் மத்தியானம் சாப்பிட வருவாராம். பதினாலு மாதமாக வந்திருக்கிறார். ஒன்பது நாளுக்கு முன் திரான்சிப் புறநகரில், வாடகை அறையில், தூக்கத்திலேயே இறந்துபோனார். மாரடைப்பு என்று சொல்லிவிட்டார்கள். அடையாள அட்டையில்லை, பாஸ்போர்ட் இல்லை. அறையில் இருந்தவர்களுக்கு 'மணி அண்ணை' என்பதற்கு மேல் ஒன்றும் தெரியாது. அவருடைய கோட்டுப் பைக்குள் சாப்பாட்டுக் கடையின் அட்டை கிடந்ததால் பொலிஸ் கடைக்கும் வந்து விசாரித்துவிட்டுப் போயிருக்கிறது. திங்கட்கிழமைக்குள் யாரும் பெயர் சொல்லி உரிமை கேட்காவிட்டால் நகரசபை அடக்கம் செய்துவிடும்.

"பேரில்லாமல் தாட்டுப்போடுவினமாம்," என்றாள் கோசலை. "அவரை எரிக்கோணும். பேர் சொல்லி எரிக்கோணும். அவர் ஆரெண்டு கண்டுபிடிச்சுத் தாங்கோ."

கடைக்கு வருகிற எல்லாருக்கும் இப்படிச் செய்வாளா, செய்வாளென்றால் தான் நாளையிலிருந்து அங்கேதான் சாப்பாடு என்றார் கோகிலன். அவள் சிரிக்கவில்லை. கைப்பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்து, அதற்குள் இருந்த புகைப்படத்தை மேசையில் விரித்து வைத்தாள். விரிக்கத்தான் வேண்டியிருந்தது. எட்டாக மடித்திருந்தது.

ஒரு கப்பலின் தளம். மாலுமி நின்று ஓட்டும் மேல்தட்டிலிருந்து கப்பலின் மூக்கு வரைக்கும் ஆளுயரத்துக்கு மேலே ஓர் ஒடுங்கிய நடைபாலம் போனது. அது முடியும் இடத்தில் ஒரு பீரங்கி. முன்னால், நீல மேலாடையும் கரி படிந்த முகமுமாக ஒரு மெலிந்த தமிழர் நின்றார். நாற்பது வயது இருக்கும். வலக்கையில் மரச் சுத்தியல். இடக்கையில் ஒரு பக்கம் சரிவாகச் சீவிய செங்கல். பின்னால் தொங்கிய உயிர்காப்பு வளையத்தின் பாதியை அவர் தோள் மறைத்திருந்தது. மிச்சமாகத் தெரிந்தவை நான்கு எழுத்துகள்: RLYS.

படம் எங்கே கிடைத்தது என்று சிவரஞ்சினி கேட்டாள்.

"அவரின்ரை அறையிலை. கட்டிலுக்கு மேலை, சுவரிலை ஒட்டியிருந்தது."

அவள் போனபின் கோகிலன் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். மண்டைதீவில் தூண்டிலோடு சமாளித்த சனம் இருக்கும்போது, மீன் பிடிக்கப் பீரங்கி கொண்டுபோன ஆட்கள் இவர்கள் யார் என்று கேட்டார்.

"இது மீனுக்கில்லை அண்ணை. திமிங்கிலத்துக்கு," என்றாள் சிவரஞ்சினி. "அந்தப் பாலத்தைப் பாருங்கோ. திமிங்கிலம் தெரிஞ்ச உடனை சுடுறவர் மேலையிருந்து ஓடி வாறதுக்கு. ஆனா எனக்கு அந்தக் கல்லுத்தான் யோசனை. கப்பலிலை ஆர் செங்கல் வைச்சுக் கட்டுறது?"

"தரையிலை வீடு கட்டப் பெர்மிட் கிடைக்காத ஆக்கள்."

அவள் சிரித்துவிட்டுத்தான் விளக்கினாள். நெருப்பு எரிகிற இடத்துக்கு உள்ளே பதிக்கிற கல் அது. ஒவ்வொன்றையும் அளவாய்ச் சீவி, மரச் சுத்தியலால் தட்டித் தட்டி, ஒன்றோடொன்று இறுக்க வேண்டும். நீதிமன்றத்தில் ஒருவர் தன் தொழிலை நிரூபிக்க ஒன்றரை மணி நேரம் அதையே விளக்க, அவள் வியர்க்க வியர்க்க மொழிபெயர்த்திருக்கிறாள். அப்படியானால் இது நீராவிக் கப்பல். கொதிகலனின் அடுப்புக்குக் கல் வைக்கிறார் இந்த மனிதர். யாழ்ப்பாணத்து ஆள் இந்த வேலையை எங்கே பழகியிருப்பார்?

கோகிலன் பகிடிப் பேச்சை நிறுத்தினார். "காங்கேசன்துறை சீமெந்து ஃபக்டரி. சூளைக்குக் கல்லு வைக்கிறதுக்கெண்டு அங்கை தனி ஆக்கள் இருந்தவை. எங்கடை சித்தப்பா அங்கைதான் வேலை செய்தவர்."

அரை மணி நேரத்தில் கைத்தொலைபேசியிலேயே கப்பலையும் கோகிலன் பிடித்துவிட்டார். பெயர் நோர்லிஸ். நோர்வேயின் தெற்குக் கரையில் ஒரு சின்னத் துறைமுக நகரம். அங்கே அருங்காட்சியகமாகக் கட்டி வைத்திருக்கும் பழைய திமிங்கில வேட்டைக் கப்பல். இன்றைக்கும் நீராவியில் ஓடும் கப்பல்.

அங்கே அழைத்தபோது தொலைபேசியை எடுத்தவர் ரோமன் என்ற போலந்துக்காரர். எழுபத்தொரு வயது, கப்பலின் தலைமை இயந்திரக்காரர். இளமையில் டன்கேர்க் கப்பல் தளத்தில் வேலை செய்ததால் பிரெஞ்சு பேசினார். சிவரஞ்சினி அனுப்பிய படத்தைப் பார்த்ததும், "ராஜ்," என்றார். பிறகு, எப்படி இருக்கிறார் என்று கேட்டார்.

அவள் சொன்னாள். மறுமுனையில் கடற்பறவைகள் கத்துவது மட்டும் கேட்டது.

அதன்பிறகு அவர் சொன்னதெல்லாம் கப்பலின் கதையாகவே இருந்தது. அந்த மனிதரைப் பற்றிச் சொல்வதற்கு அவருக்கு வேறு வழி தெரியவில்லை.

நோர்லிஸை இரண்டாம் உலகப் போர் முடிந்த நான்காம் வருடம் கட்டினார்கள். தென்துருவக் கடலுக்குப் போவதற்கென்றே கட்டிய கப்பல். பன்னிரண்டு பருவம் போனது. பாய்மரத்து உச்சியில் ஒரு பீப்பாய்க்குள் ஆள் நின்று பார்ப்பார். நீர் பீய்ச்சுவது தெரிந்தால் கத்துவார். பீரங்கிக்காரர் பாலத்தில் ஓடுவார். திமிங்கிலங்கள் அருகிப்போனதும் கப்பலுக்கு அங்கே வேலையில்லை. ஸ்பெயினுக்கு விற்றார்கள். அங்கேயும் இருபது வருடம் சுட்டது. வேட்டையைத் தடைசெய்தபின் ஒரு துறையில் கட்டிவிட்டுப் போனார்கள். கவனிப்பாரில்லாமல் நின்ற இடத்திலேயே தாழ்ந்துபோனது. சொந்த ஊர்க்காரர் கேள்விப்பட்டுப் போய், தூக்கி, சேறு கழுவி, ஊருக்கு இழுத்து வந்தார்கள். ஓய்வுபெற்ற தொழிலாளிகள் சனி ஞாயிறுகளில் வந்து பத்து வருடம் திருத்தினார்கள். எல்லாம் சரியாகியும் நெருப்பு மட்டும் நிற்கவில்லை. அடுப்புக்குள் வைத்த கல் ஒவ்வொரு முறையும் சரிந்து விழுந்தது. அப்படிக் கல் வைக்கத் தெரிந்தவர்கள் ஊரில் யாரும் உயிரோடில்லை.

இரண்டாயிரத்தோராம் ஆண்டு இலையுதிர்காலம். மலைக்கு மேலே அகதி முகாம் ஒன்று இருந்தது. அங்கிருந்து ஒருவர் தினமும் இறங்கி வந்து துறையில் நின்று பார்த்துக்கொண்டிருப்பார். ஒருநாள் ரோமனின் கையிலிருந்த கல்லை வாங்கினார். திருப்பிப் பார்த்தார். தலையை ஆட்டிவிட்டுச் சீவத் தொடங்கினார். மூன்று வாரம் அடுப்புக்குள்ளேயே படுத்துக் கிடந்து முழுவதையும் கட்டி முடித்தார். அந்தக் கல் இன்றுவரை அசையவில்லை.

"அவருடைய அகதி மனுவை நிராகரித்துவிட்டார்கள்," என்றார் ரோமன். "முகாமைவிட்டுப் போகச் சொன்னார்கள். நாங்கள் கப்பலில் ஒரு படுக்கை கொடுத்தோம். ஒவ்வொரு செப்டெம்பரும் டென்மார்க்குக்கு ஒரு பயணம் போவோம். அங்கே எல்லாரும் கரையிறங்கி பியர் குடிப்போம். அவர் இறங்கமாட்டார். கடதாசி இல்லையே. கொதிகலனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். இருபத்திரண்டு வருடம்."

பிறகு ஏன் பாரிசுக்கு வந்தார் என்று கேட்டாள். ரோமனுக்குச் சரியாகத் தெரியவில்லை. போன வருடத்துக்கு முந்தின ஓகஸ்டில் தொலைபேசியில் ஏதோ ஒரு வீடியோ பார்த்தாராம். தேர், மேளம், வீதி நிறையத் தேங்காய் உடைக்கும் சனம். கூட்டத்தில் ஒரு முகம் வரும் இடத்திலேயே நிறுத்தி நிறுத்திப் பார்த்தார். செப்டெம்பர்ப் பயணம் முடிந்ததும் பஸ்ஸில் ஏறிப் போய்விட்டார். "குடும்பத்தைக் கண்டுபிடித்துவிட்டார் என்று நாங்கள் சந்தோஷப்பட்டோம். கப்பலில் அன்றைக்கு கேக் வெட்டினோம்."

முழுப் பெயர்?

பயணத்துக்கு முன் எல்லாரும் ஒரு படிவம் நிரப்புவது சட்டம் என்றார் ரோமன். பெயர், பிறந்த இடம், ஆபத்தென்றால் அறிவிக்க வேண்டியவர். ராஜ் எப்போதும் தன்னுடைய எழுத்தில்தான் நிரப்புவார். அதை வாசிக்க யாருக்கும் தெரியாது. நிரப்பியிருந்தால் போதும் என்று கோப்பில் போட்டுவிடுவார்கள். தேடி எடுத்துப் படம் பிடித்து மாலைக்குள் அனுப்புவதாகச் சொன்னார்.

அதுவரை காத்திருக்கலாம் என்று கோகிலன் நினைத்தார். சிவரஞ்சினி கோட்டை எடுத்து மாட்டினாள். திரான்சிக்குப் போக வேண்டும்.

கோகிலனின் வானில் போகும்போது படத்தை மடியில் வைத்துக் காட்டினாள். படத்துக்கு இருபது வருடத்துக்கு மேல் வயது, ஓரங்கள் பழுத்துவிட்டன. மடிப்புகள் மட்டும் வெள்ளை வெளேரென்று புதிதாக இருந்தன. இருபது வருடம் மடிக்காமல் பத்திரமாக வைத்திருந்த படத்தை அண்மையில் யாரோ எட்டாக மடித்திருக்கிறார்கள். மடிப்புக்குள் சிவப்பாய் ஒரு தூள். கோகிலன் விரலில் தொட்டு நாக்கில் வைத்தார். நல்ல வறுத்த மிளகாய்த்தூள்.

"சுவரிலை ஒட்டியிருந்த படத்துக்கு ஏன் மடிப்பு?" என்றாள்.

அந்த மனிதரே சமைத்திருக்கலாமே என்றார் கோகிலன். ஆனால் குரலில் உறுதி இல்லை.

திரான்சியில் அறையை வாடகைக்கு எடுத்துப் பலரோடு பகிர்ந்திருந்தவர் ஜனார்த்தனன் என்பவர். கட்டிட வேலைக்குப் போகிறவர். நல்ல மனுசன் என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார். மணி அண்ணை கதைக்கமாட்டார், காலையில் குளித்துவிட்டு பஸ் பிடித்து லா சப்பலுக்குப் போவார், பின்னேரம் வந்துவிடுவார். கட்டில் இருந்த இடத்தையும் காட்டினார். கட்டிலுக்கு மேலே சுவரே இல்லை. பெரிய ஜன்னல் இருந்தது. பொலிஸ் வந்து அரை மணி நேரத்தில் சாமான்களைக் கட்டிக்கொண்டு போய்விட்டதாகவும், அதற்கு முன்னும் பின்னும் பெண்கள் எவரும் வந்ததில்லை என்றும் சொன்னார்.

திரும்பி வந்து வானில் ஏறியபின் சிவரஞ்சினி படத்தை மறுபடி மடியில் விரித்தாள். கோகிலன் வண்டியை எடுக்கவில்லை.

"கடைக்கு வாற ஆளைப் பற்றி நீங்கள் என்னெண்டு கதைப்பியள் அண்ணை?" என்று கேட்டாள். "அந்த அண்ணை எண்டுவியள். அந்த மனுசன் எண்டுவியள். கோசலையக்கா காலையிலை எங்களோடை அரை மணித்தியாலம் கதைச்சவ. ஒருக்காக்கூட அப்பிடிச் சொல்லேல்லை. அவர், அவரின்ரை, அவரை. அவ்வளவுதான். பிரெஞ்சிலை இதைச் சொன்னால் ஒரு வித்தியாசமும் தெரியாது. தமிழிலை ஒரு பொம்பிளை வெறுமனே 'அவர்' எண்டு சொல்லுறது ஒரே ஒரு ஆளைத்தான்."

கோகிலன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அப்போது தொலைபேசி ஒலித்தது. ரோமன் அனுப்பிய படங்கள் ஒவ்வொன்றாக வந்து விழுந்தன. இருபத்திரண்டு படிவங்கள். எல்லாவற்றிலும் ஒரே கை, பள்ளிக்கூடத்தில் பழகிய வட்டமான எழுத்து.

பெயர்: இராஜேந்திரன். பிறந்த இடம்: காங்கேசன்துறை. அறிவிக்க வேண்டியவர்: மனைவி கோசலை. முகவரி: தெரியாது.

அடுத்த வருடம், அதே பெயர், அதே மனைவி, முகவரி தெரியாது. அதற்கடுத்த வருடமும் அதுவே. இருபத்தொரு தடவை. யாராலும் வாசிக்க முடியாது என்று தெரிந்தே ஒவ்வொரு வருடமும் எழுதிக் கொடுத்திருக்கிறார்.

கடைசிப் படிவத்தில் மட்டும் ஒரு வரி மாறியிருந்தது. முகவரி: லா சப்பல், பாரிஸ்.

கோகிலன் வண்டியை எடுத்தார். லா சப்பல் வரும்வரை வாய் திறக்கவில்லை.

மத்தியானச் சாப்பாடு முடிந்து கடை ஓய்ந்திருந்தது. கோசலை குசினிக்குள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். சிவரஞ்சினி தொலைபேசியை அவள் முன்னால் நீட்டினாள். அவள் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கி, முதல் படிவத்தை வாசித்தாள். இரண்டாவதை வாசித்தாள். மூன்றாவதோடு நிறுத்தி, தொலைபேசியைத் திருப்பிக் கொடுத்தாள்.

பிறகு மெதுவாகச் சொன்னாள். தொண்ணூற்றேழில் அவர் வெளிநாட்டுக்கென்று புறப்பட்டார். ஆறு மாதம் கழித்து, படகு கவிழ்ந்து எல்லாரும் போய்விட்டார்கள் என்று ஏஜென்சிக்காரன் சொல்லியனுப்பினான். அவள் வன்னியில், இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து, எந்த முகவரியும் இல்லாமல் இருந்தாள். அழுது முடித்து, பிரான்சுக்கு வந்து, விதவை என்று எழுதிக் கொடுத்து விசா எடுத்தாள். பாலச்சந்திரனைக் கட்டினாள். அவர் தங்கமான மனுசன்.

"முதல் நாளே தெரியுமோ?" என்று கேட்டாள் சிவரஞ்சினி.

"சாப்பாட்டுக் கோப்பையை நீட்டின கையைப் பாத்த உடனை தெரியும். நிமிந்து பாக்க ஏலாமல் போச்சு. அண்டைக்கு ஞாயிற்றுக்கிழமை. இவரும் மகளும் அடுத்த மேசையிலை இருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தவை. மகள் என்னை அம்மா எண்டு கூப்பிட்டவள். அவர் கேட்டுக்கொண்டு நிண்டவர்."

"பிறகு கதைக்கேல்லையோ?"

"இன்னும் கொஞ்சம் சோறு போடட்டோ எண்டு நான் கேப்பன். காணும், போதும் எண்டு அவர் சொல்லுவார். பதினாலு மாசம் அதுதான் கதை." வெங்காயத் தோலைக் கூட்டி ஒரு பக்கம் ஒதுக்கினாள். "ஒருநாள் கோப்பைக்குக் கீழை அந்தப் படத்தை வைச்சிட்டுப் போனார். இவ்வளவு காலமும் தான் எங்கை இருந்தவர் எண்டு எனக்குச் சொல்லோணும்போலை இருந்திருக்கு. மிளகாய்த்தூள் டப்பாவுக்குள்ளை மடிச்சு வைச்சன். வேறை எங்கை வைப்பன்?"

பொலிஸ் வந்து கேட்டபோது வாயே வரவில்லை என்றாள். உண்மையைச் சொன்னால் விசாவுக்கு என்ன ஆகும், பாலச்சந்திரனோடு நடந்த கலியாணம் கலியாணம்தானா, பிள்ளைகள் என்ன நினைப்பார்கள் என்று ஒன்பது நாளாக ஒரே யோசனை. வேறு யாராவது கண்டுபிடித்துப் பெயரைச் சொல்லிவிட்டால் போதும் என்று இருந்தது.

"அதுக்கு ஏன் என்னட்டை வந்தனீங்கள்? இஞ்சை எத்தினை பேர் இருக்கினம்."

கோசலை அவளை நேராகப் பார்த்தாள். "ரண்டாயிரத்து மூண்டிலை என்ரை கேசுக்கு மொழிபெயர்த்தது நீங்கள்தான். உங்களுக்கு ஞாபகம் இராது. என்ரை மனுசன் செத்துப்போனார் எண்டு நான் தமிழிலை சொன்னன். நீங்கள் அதைப் பிரெஞ்சிலை சொன்னியள். அவை எழுதினவை. அண்டையிலையிருந்து அவர் செத்த ஆள். நாங்கள் ரண்டு பேரும் சேந்துதான் அதைச் செய்தது. அதுதான் உங்களட்டை வந்தனான்."

சிவரஞ்சினி அந்த முகத்தை உற்றுப் பார்த்தாள். எவ்வளவு முயன்றும் ஞாபகம் வரவில்லை. ஒரு நாளைக்கு நான்கு வழக்கு, வாரத்துக்கு எத்தனையோ விதவைகள். அந்த ஒரு வாக்கியத்தை எத்தனை தடவை சொல்லியிருப்பாள் என்று அவளுக்கே தெரியாது. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். கோகிலன் ஒரு கிளாஸில் தண்ணீர் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்துவிட்டு, வாசல் பக்கம் போய் நின்றுகொண்டார்.

அன்றைக்கே ஒரு முடிவுக்கு வந்தார்கள். யோசனையைச் சொன்னவள் சிவரஞ்சினிதான். ரோமன் வியாழன் இரவு வந்துவிடுவார். வெள்ளி காலை பொலிஸில் உடலை அடையாளம் காட்டிப் பெயரைச் சொல்வார். நண்பர் என்ற முறையில் தகனத்தையும் அவரே பொறுப்பெடுப்பார். படிவங்களை யாரும் கேட்கப்போவதில்லை. கேட்டாலும் அவற்றை மொழிபெயர்க்கப்போகிறவள் அவள். இத்தனை வருடத்தில் ஒரு சொல்லைக்கூட அவள் விட்டது கிடையாது. 'மனைவி கோசலை' என்ற இந்த ஒரு வரியை விடுவதாகச் சொன்னாள். கோசலை சமையல்காரியாக வந்து நின்றால் போதும்.

வெள்ளிக்கிழமை காலை பொலிஸ் நிலையத்தில் நால்வரையும் ஒரு சிறிய அறைக்குள் கூப்பிட்டார்கள். ரோமன் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு, பிணவறையில் பார்த்தவர் நோர்லிஸ் கப்பலின் நெருப்புக்காரர் இராஜேந்திரன் என்று சொன்னார். கணினிக்கு முன்னால் இருந்த பொலிஸ்காரி பெயரை எழுத்தெழுத்தாகக் கேட்டுப் பதிந்தாள். நீளமான பெயர் என்றாள். உறவினர் இருக்கிறார்களா என்று கேட்டாள். தனக்குத் தெரிந்து இல்லை என்றார் ரோமன்.

பிறகு அவள் கோசலையைப் பார்த்து, இந்த அம்மா யார் என்று கேட்டாள்.

சிவரஞ்சினி கேள்வியைத் தமிழில் சொன்னாள். சொல்ல வேண்டிய பதிலை இருவரும் இரண்டு தடவை சொல்லிப் பார்த்திருந்தார்கள். கோசலை மடியில் கோத்திருந்த கைகளைப் பிரித்தாள்.

"நான் அவரின்ரை மனுசி," என்றாள்.

பொலிஸ்காரி காத்திருந்தாள். சிவரஞ்சினி திரும்பி, குரலைத் தாழ்த்தி, "அக்கா, நான் இன்னும் பிரெஞ்சிலை சொல்லேல்லை," என்றாள். "யோசிச்சுச் சொல்லுங்கோ."

"பதினாலு மாசம் யோசிச்சிட்டன். சொல்லுங்கோ."

சிவரஞ்சினி சொன்னாள். அவருடைய மனைவி. குரல் உடையாமல் சொல்லிவிட்டாள். அதற்குமேல் சொல்ல எதுவும் இல்லாதது நல்லதாயிற்று.

பொலிஸ்காரி தட்டுவதை நிறுத்தினாள். எழுதியதை அழித்துவிட்டுப் புதிய பக்கம் ஒன்றைத் திறந்து, கலியாணம் நடந்த திகதியைக் கேட்டாள். கோசலை திகதியையும் கிழமையையும் ஊரையும் ஒரு தடக்கமில்லாமல் சொன்னாள். பத்திரங்கள் இருக்கிறதா என்று கேட்டபோது, இல்லை, எரிந்துபோயிற்று என்றாள். விசா எடுத்தபோது வேறு விதமாகச் சொன்னீர்களே என்று யாரும் இன்னும் கேட்கவில்லை. கேட்பார்கள் என்பது அறையில் இருந்த எல்லாருக்கும் தெரிந்திருந்தது. கோகிலன் சுவரைப் பார்த்தபடி மூக்கை உறிஞ்சினார்.

படிவம் அச்சாகிக்கொண்டிருந்தபோது கோசலையின் கைத்தொலைபேசி அடித்தது. பாலச்சந்திரன். வெளியே போய்ப் பேசலாம் என்று பொலிஸ்காரி சைகை காட்டினாள். அவள் எழும்பவில்லை. வேலையில் இல்லையென்று கடையில் சொன்னார்களாம், என்ன நடந்தது என்று அவர் கேட்டிருக்க வேண்டும்.

"ஒரு செத்தவீடு," என்றாள் கோசலை. "பின்னேரம் வீட்டை வாறன். பிள்ளையளையும் நிக்கச் சொல்லுங்கோ. உங்கள் எல்லாரோடையும் கதைக்கோணும்."

அவர் வேறேதோ கேட்டார். கடைக்கு வாறவர் ஆரேனும் செத்ததோ என்றுதான் இருக்கும். ரோமன் தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"இல்லை," என்றாள் கோசலை. "எங்கடை ஆள்."

தொலைபேசியைக் கைப்பைக்குள் வைத்துவிட்டு, மேசைப் பக்கம் நாற்காலியை இழுத்து, எங்கே கையெழுத்து வைக்க வேண்டும் என்று கேட்டாள்.